பேரத்தில் முடியும் வழக்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தொடுக்கும் போதைப்பொருள் வழக்குகளில், வழக்கறிஞர் ஒருவர் இருந்துவிட்டால் நியாயமான விசாரணை கிடைத்துவிடும் என்று எண்ணிவிட முடியாது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கான வாதத்தின் பெரும்பகுதி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பது பற்றி அரசு வழக்கறிஞருடன் நடக்கும் பேரத்திலேயே முடிந்துவிடுகிறது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழங்கப்படும் தண்டனைத் தீர்ப்புகளில் 97 விழுக்காடு, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விளைந்தவையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-இல் எடுத்துக்காட்டியது.

இதற்கு முதன்மைக் காரணம், 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை என்பேன். 5 கிராம் கிராக் கொக்கெயினுக்கும் (புகைக்கப்படும் கட்டி வடிவக் கொக்கெயின்) 500 கிராம் தூள் கொக்கெயினுக்கும் ஒரே 5 ஆண்டுச் சிறை என்று அது வகுத்தது. கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. இருவகைக் கொக்கெயினுக்கும் இடையே 100-க்கு 1 என்றிருந்த அந்த எடை விகிதம் 2010-இல் 18-க்கு 1 எனக் குறைக்கப்பட்டதே தவிர, நீக்கப்படவில்லை.

சிறு பங்கு மட்டுமே ஆற்றியவர் மீதும் சதிக் குற்றம் சாட்டி, கூட்டாளிகள் கைமாற்றிய போதைப்பொருளின் எடையையும் அவர் கணக்கில் சேர்க்க முடிகிறது. தோற்றால் 10 ஆண்டுச் சிறை என்ற அச்சத்தில், காவல்துறையின் சோதனை, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசமைப்பின் 4-ஆம் திருத்தத்துக்கு முரணானது என்று வாதாடிச் சான்றை விலக்கக் கோரும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பெரிய குற்றப் பின்னணி இல்லாதவர்களுக்குக் கட்டாயத் தண்டனையிலிருந்து விலக்களிக்க 1994 முதல் வழி உண்டு. 2018-இல் அது விரிவாக்கப்பட்டும், 2024-இல் பல்சிஃபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் குறுகலாகவே பொருள்கொண்டது. தண்டனையின் அளவை, வழக்கை விசாரிக்கும் நீதிபதியிடமே விட்டுவிட, அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

தங்கள் வாசகர்,
திருச்சி