அணைந்த கலங்கரை விளக்கங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

விளக்கு அணைந்த கோபுரங்களை இடித்துத் தள்ளாமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. என் குறையெல்லாம் வாசலில் நிற்கும் அந்தப் பலகையைப் பற்றித்தான். அண்மையில் நான் ஏறிப் பார்த்த கோபுரத்தில் மூன்றே வரி: கட்டிய ஆண்டு, செயல்பாடு நிறுத்திய ஆண்டு, சுவரில் எழுதாதீர்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று டிக்கெட் கிழித்தவரைக் கேட்டேன். “பழசாயிடுச்சு சார்” என்றார்.

பழசானால்தான் அணைப்பார்களா?

இங்கிலாந்தின் பிளிமத்துக்குத் தெற்கே, கடலுக்குள் கிடக்கிறது எடிஸ்டோன் பாறை. 1698இல் அங்கே முதல் விளக்கை ஏற்றியவர் ஹென்றி வின்ஸ்டன்லி. 1703 பெரும்புயலில் கோபுரம் போனது. அன்றிரவு அதில் தங்கியிருந்த அவரும் போனார். அடுத்து வந்த மரக் கோபுரம் 1755இல் எரிந்தது. தீயை அணைக்க அண்ணாந்து தண்ணீர் வீசிக்கொண்டிருந்தார் ஹென்றி ஹால் என்ற காவலர். வயது 94. கூரையிலிருந்து உருகிய ஈயம் அவர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அவர் சொன்னதை வைத்தியரே நம்பவில்லை. 12 நாளில் இறந்தார். வயிற்றிலிருந்து எடுத்த ஈயக் கட்டி, சுமார் 200 கிராம், ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு ஜான் ஸ்மீட்டன் வந்தார். ஓக் மரத்தைப் போல அடி பருத்து, மேலே போகப்போகச் சிறுத்த கோபுரம். தச்சர் மரத்தைக் கோக்கிற மாதிரி கருங்கற்களை ஒன்றோடொன்று பூட்டினார். தண்ணீரிலும் இறுகும் சுண்ணாம்பைத் தேடி, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே அதற்கு ஆகும் என்று கண்டார். (சிமெண்டின் பூர்வ கதையில் இது பெரிய அத்தியாயம்.) 1759இல் விளக்கு எரிந்தது. விளக்கென்றால் 24 மெழுகுவர்த்திகள்!

நூறாண்டுக்கு மேல் எரிந்த அந்தக் கோபுரத்தைக் கைவிட்டதற்குக் கோபுரம் காரணமில்லை. அடியிலிருந்த பாறையை அலை அரித்துவிட்டது. பெரிய அலை மோதினால் கோபுரம் ஆடியது. பக்கத்திலேயே புதியதைக் கட்டி 1882இல் ஏற்றினார்கள். பழையதன் மேற்பகுதியைப் பிரித்தெடுத்து, மக்கள் கொடுத்த நன்கொடையில் பிளிமத் கரையில் மறுபடி எழுப்பினார்கள். அடிப்பாகமோ, தாங்காது என்று சொன்ன அதே பாறைமேல் இன்னும் நிற்கிறது.

இந்தக் கதையை ‘பழசாயிடுச்சு’ என்று முடித்தால் எப்படி? உங்கள் கோபுரத்துக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். கரை நகர்ந்திருக்கலாம், கப்பல் வழி மாறியிருக்கலாம், செயற்கைக்கோள் வழிகாட்டி வந்தபின் செலவு எதற்கு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கலாம். எதுவானாலும் சரி, அதை எழுதுங்கள். காவலர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல கோபுரங்களில் டன் கணக்கில் எடையுள்ள லென்ஸ் பாதரசத் தொட்டியில் மிதந்தது. விரலால் தள்ளினாலே சுழலும். பார்க்க வருகிற குழந்தைகள் வாய்பிளக்க அது போதும். அந்தப் பாதரசத்தின் ஆவியைச் சுவாசித்தபடிதான் காவலர்கள் அதைத் துடைத்துப் பராமரித்தார்கள் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும்.

இடம் போதாதென்றால் ‘சுவரில் எழுதாதீர்கள்’ என்ற வரியை எடுத்துவிடலாம். எழுதுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
படியேறி வந்த பார்வையாளன்