அலை மின்சாரம்: முதலில் முகத்துவார விளக்கு எரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு கருவிகளைப் பற்றிய கட்டுரையில், பழையாறு முதல் கோடியக்கரை வரை மீனவக் கிராமங்களின் வீட்டு விளக்கே இனி அலையில் எரியும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாக்குறுதியோடு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனால் முதல் மழைக்காலத்திலேயே பெயர் கெட்டுவிடும். கணக்கைப் பார்ப்போம்.

அலையின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான விநாடிகளாலும் பெருக்கிப் பாதியாக்குங்கள். ஒரு மீட்டர் அகலக் கடலில் கிடைக்கும் கிலோவாட் ஏறத்தாழ அதுதான். ஒரு மீட்டர் அலை, 6 விநாடி என்றால் 3 கிலோவாட். அலை அரை மீட்டராகக் குறைந்தால் முக்கால் கிலோவாட்தான். ஒரு மீட்டர் அகல மிதவை அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே நல்ல வேலை. ஆக, அலை அடங்கிய நாட்களில் கைக்கு வருவது 75 வாட். 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் சென்னை ஐ.ஐ.டி. சோதித்த சிந்துஜா-1 கருவியும் 100 வாட் அளவுதான். இந்த மின்சாரத்தைக் கேபிள் போட்டுக் கரைக்கு இழுப்பது வீண்.

ஆனால் இதே 75 வாட் முகத்துவாரத்தில் நிற்கும் வழிகாட்டி மிதவைக்குத் தாராளம். 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரவு 12 மணி நேரம் எரிய 60 வாட்-மணி போதும். அதற்குச் சூரியத் தகடே போதாதா என்று கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நான்கைந்து நாள் வானம் மூடிக்கொண்டால் தகடு சோர்ந்துவிடும். வாடைக்காற்றில் அலை எழும்புவதும் அதே நாட்களில்தான். மணல்மேடு தெரியாமல் பைபர் படகு கவிழும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். தகடும் அலைக்கருவியும் ஒரே மிதவையில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் வேகம். ஒரு மீட்டர் அலையில் மிதவை மேலேற 3 விநாடி ஆகிறது. விநாடிக்கு 33 சென்டிமீட்டர்தான். மிதவை ஏறும்போது இழுபடும் கயிற்றை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றினால் நிமிடத்துக்கு 32 சுற்றுகூட வராது. பல்சக்கரம் வைத்துப் பத்து மடங்காக்கி, சைக்கிள் ப்ரீவீல் போல ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வழியாக நிலைக்காந்த ஜெனரேட்டரைச் சுழற்ற வேண்டும். ஜெனரேட்டரை நேரே பேட்டரியில் கொடுத்தால், அலை வேகமெடுக்கும் அந்த ஒரு விநாடி மட்டுமே சார்ஜ் ஏறும். மின்னழுத்தம் குறைந்த நேரத்திலும் ஏற்றிவிடும் கன்வெர்ட்டர் நடுவில் தேவை. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு, குறைந்த வோல்ட்டே இழக்கும் ஷாட்கி வகையாக இருக்கட்டும். குறைந்த வோல்ட்டில் சாதாரண டையோடு தின்னும் பங்கு அதிகம். பேட்டரி நிறைந்ததும் ஜெனரேட்டரைத் துண்டித்துவிடாதீர்கள். சுமையில்லாமல் வேகம் கூடி, வோல்ட் எகிறிச் சர்க்யூட் கருகும். மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி விரயம் செய்ய ஒரு ரெசிஸ்டர் கட்டாயம்.

உண்மையான சோதனை இயந்திரத்துக்கு வெளியேதான். 6 விநாடிக்கு ஓர் அலை என்றால் நாளொன்றுக்கு 14,400 முறை, ஆண்டுக்கு 52 லட்சம் முறை ஒவ்வொரு இணைப்பும் மடங்கி நிமிர்கிறது. ஆறு மாதம் கழித்து, சங்கிலியை இணைக்கும் U வடிவ ஷாக்கிளைக் கழற்றினால், விரல் தடிமனில் போன ஆணி சங்கிலி உரசிய பக்கம் மட்டும் பென்சில்போல மெலிந்திருக்கும். துத்தநாகம் பூசிய ஷாக்கிளையும் துருப்பிடிக்காத எஃகு வளையத்தையும் சேர்த்துப் போட்டால் தேய்மானத்தோடு அரிப்பும் கூடும். உலோகம் ஒன்றாக இருக்கட்டும். தண்டு வெளிவரும் இடத்தில், தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் ரப்பர் சீல் மீது உப்பு காய்ந்து பளிச்சிடும். அந்தப் படிகங்கள் உப்புக்காகிதம்போல ரப்பரை அறுத்துவிடும். பேரிங் கிரீஸை விரலில் தொட்டுப் பாருங்கள்: மோர் நிறத்தில் இருந்தால் கடல்நீர் உள்ளே போய்விட்டது. கொட்டலசு (கடலில் எதன் மேலும் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஒட்டினால் மிதவை கனத்து, அலைக்கு ஆடுவது மந்தமாகும்.

புயலை மறக்கவே கூடாது. 3 மீட்டர் அலை, 9 விநாடி என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டருக்கு 40 கிலோவாட். சம்பாதிப்பது 3 கிலோவாட் அலையில், தாங்க வேண்டியது 40-ஐ! 2018-இல் கஜா கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவேதான். நங்கூரச் சங்கிலி ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது நீளம் வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர். கடல் 4 மீட்டரே ஆழமுள்ள இடத்தில் மிதவையை நிறுத்தினால் பெரிய அலை அதன் மேலேயே உடையும்.

இடம் தேர்வதில் நாகையும் அதற்கு வடக்கேயும்தான் பொருத்தம். கோடியக்கரையைத் தாண்டி முத்துப்பேட்டைப் பக்கம் போனால் இலங்கை மறைப்பில் கடல் ஆழமின்றிச் சாந்தமாக இருக்கும். அங்கே சூரியத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பராமரிப்புக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலம் தோதானது. விசைப்படகுகளின் வலை மாட்டும் பயம் இராது. புரட்டாசியில் இன்னொரு முறை சங்கிலியை மட்டுமாவது தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்