காப்பி எடுத்ததாலதான் அந்த இசை பொழச்சுது

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல கேசட் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். பென்சில விட்டு சுத்துறது, ரெக்கார்டிங் கடையில பாட்டு லிஸ்ட்ட சீட்டுல எழுதிக் குடுத்துட்டு நாலு நாள் நடையா நடக்குறது, இதெல்லாம் அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு, எங்கம்மா கூட படிச்சுட்டு சிரிச்சாங்க. ஆனா கடைசி பத்தியில, ஆளாளுக்கு வீட்டுலயும் கடையிலயும் காப்பி எடுத்து எடுத்தே இசையோட பொழப்ப கெடுத்துட்டாங்கன்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லி முடிச்சிட்டாங்க பாருங்க, அதுதான் உறுத்துது. சினிமா பாட்டு வியாபாரத்தப் பத்தி நான் சண்டைக்கு வரல. ஆனா நான் முப்பது வருஷத்துக்கு மேல கேக்குற ஒரு சங்கதி இருக்கு, பழைய ஹெவி மெட்டல், அதான் கிடார் அதிர்ற முரட்டு ராக் இசை, அது காப்பி எடுத்து கைமாத்தி விட்டதாலதான் உசுரோட இருக்கு. போன மாசம் பூரா ராத்திரி ராத்திரி உக்காந்து அந்தப் பாட்டுங்களத்தான் ஒரு 90 நிமிஷ கேசட்டுல ஏத்திக்கிட்டு இருந்தேன், அந்த சூடு இன்னும் ஆறல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டுறதுன்னா நடுவுல வெட்டுங்க, கடைசியில வெட்டாதீங்க.

கேசட் யாருக்குன்னா எங்க அக்கா பொண்ணுக்கு. காலேஜ் ரெண்டாவது வருஷம். 2025 ஜூலையில ஆஸி ஆஸ்போர்ன் செத்துப்போனப்ப அவ போன் பூரா அவர் படமாவே வந்திருக்கு, என்னைக் கூப்பிட்டு "மாமா, யாரு இவரு, மேடையில வவ்வால கடிச்சவராமே"ன்னு கேட்டா. கடிச்சது நெசம்தான், 1982ல, ரப்பர் பொம்மைன்னு நெனச்சு கடிச்சேன்னு அவரே சொல்லுவாரு. ஆனா அங்க ஆரம்பிச்சா கதை கெட்டுப் போயிடும்னு நான் அவர் பாடின பிளாக் சாபத் பேண்டோட கிடார்காரர் டோனி ஐயோமியோட வெரல்ல இருந்து ஆரம்பிச்சேன். பர்மிங்காம்ல தகரப் பட்டறையில வேலை பாத்த பையன், 17 வயசு, மெஷின்ல சிக்கி வலது கை நடுவெரலும் மோதிர வெரலும் நுனி போயிடுச்சு. இடது கைக்காரர், அதனால கிடார்ல தந்திய அமுக்குறது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டில் பிளாஸ்டிக்க உருக்கி வெரலுக்கு தொப்பி மாதிரி பண்ணி, மேல தோல் ஒட்டி, அத மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. தந்தி இழுத்தா வலிக்கும்னு லேசான தந்தி போட்டு, அப்புறம் தந்தியத் தளர்த்தி சுருதியையும் எறக்கினாரு. அந்த கனமான அடி சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். பிளாக் சாபத்தோட மொத ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கெழம வந்துச்சு, அத்தனையையும் ஸ்டுடியோவுல ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சிருக்காங்க.

பொண்ணு வாயப் பொளந்து கேட்டுட்டு "பிளேலிஸ்ட் போட்டு அனுப்பு மாமா"ன்னா. மாட்டேன், கேசட்டுதான் தருவேன்னுட்டேன். அவங்க வீட்டுல அவ அப்பாவோட பழைய ரேடியோ-கேசட் டூ இன் ஒன் பரண்ல கெடக்கு, பெல்ட் மட்டும் மாத்தினா ஓடும். இப்ப இதுக்கு மிக்ஸ்டேப்னு பேர் சொல்றாங்க, அப்ப நாம செலக்ஷன் கேசட்டுன்னு சொன்னதுதான்.

எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கிட்டேன், காலேஜ்ல கேட்டது ஒண்ணு கூட கூடாது, கடைசி ரெண்டு மூணு வருஷத்துல நானா தேடிக் கண்டுபிடிச்சது மட்டும்தான். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு, அந்தக் கதைய சொல்லியே ஆகணும்.

ஹாஸ்டல்ல ஷில்லாங் பையன் ஒருத்தன் இருந்தான், எங்க செட்டுக்கே மெட்டல் காமிச்சவன் அவன்தான். அவன் ஊருக்குப் போறப்ப எனக்கு ஒரு கேசட் காப்பி எடுத்துக் குடுத்தான். அட்டையில ஒண்ணும் எழுதல, ஸ்டிக்கர்ல 'மெட்டல் 3'னு மட்டும் பால்பாயிண்ட் பேனாவுல கிறுக்கியிருந்தான், ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சோ. காப்பிக்கு காப்பிக்கு காப்பி எடுத்தது, தாளச் சத்தத்துக்கு மேல மழை பெய்யிற மாதிரி இரைச்சல். அதுல அமெரிக்க பேண்டு மெட்டாலிகாவோட 'ஆம் ஐ ஈவில்' இருந்துச்சு, ஆனா குரல் வேற மாதிரி, இழுத்து இழுத்து பாடுது. அவங்க பாட்டுக்காரர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு அன்னிக்கு ஜலதோஷம் போலன்னு நெனச்சு அத்தனை வருஷம் ஓட்டிட்டேன்! மூணு வருஷம் முன்னாடிதான் போன்ல தற்செயலா காதுல விழுந்துச்சு, அது மெட்டாலிகாவே இல்ல, டயமண்ட் ஹெட், இங்கிலாந்துல ஸ்டவர்பிரிட்ஜ்னு ஒரு ஊர்க்காரங்க, பாட்டே அவங்களோடதுதான், மெட்டாலிகாதான் பின்னாடி எடுத்துப் பாடியிருக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. தோண்ட ஆரம்பிச்சேன், இன்னும் நிறுத்தல.

தோண்டத் தோண்ட எல்லாமே ஒரே எடத்துலதான் வந்து நிக்குது சார், யாரோ ஒருத்தர் கையில ஒரு கேசட்.

டயமண்ட் ஹெட்டையே எடுத்துக்கோங்க. 1980ல பெரிய கம்பெனி எதுவும் சேத்துக்கலன்னு சொந்தமா ஆயிரம் இசைத்தட்டு பிளேட் போட்டாங்க, வெள்ளை அட்டை, பேர் கெடையாது, பாட்டு லிஸ்ட் கெடையாது, நாலு பேர்ல எவனாவது ஒருத்தன் கையெழுத்து மட்டும் இருக்கும். அமெரிக்காவுல இருந்த டென்மார்க் பையன் லார்ஸ் உல்ரிக் இவங்க பாட்டுல பைத்தியமாகி, 1981ல 17 வயசுல இங்கிலாந்துக்கே பிளைட் ஏறி வந்து கச்சேரி பாத்துட்டு அவங்க வீட்டுலயே தங்கிட்டான். திரும்பிப் போய் ஆரம்பிச்சதுதான் மெட்டாலிகா. அந்த மெட்டாலிகாவும் எப்படி வளந்துச்சு? 1982ல ஏழு பாட்டு டெமோ கேசட், அதாவது மாதிரி கேசட், ஒண்ணு போட்டாங்க, அது கைமாறி கைமாறி அமெரிக்காவோட மேக்குக் கரையில இருந்து கெழக்குக் கரைக்குப் போய், நியூஜெர்சி சந்தையில ரெக்கார்டு கடை போட்டிருந்த ஜானி ஸஸுலா காதுல விழுந்துச்சு. அவர் அவங்களக் கூப்பிட்டு, சொந்தமா கம்பெனியே ஆரம்பிச்சு, 1983ல மொத ஆல்பத்த வெளியிட்டாரு. அந்த டெமோவ காப்பி எடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் நல்ல பிள்ளையா இருந்திருந்தா?

இங்கிலாந்து பேண்டு அயர்ன் மெய்டன் கதை இன்னும் பாவம். 1978 டிசம்பர் கடைசி ரெண்டு நாள் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல நாலு பாட்டு பதிவு பண்ணாங்க. மாஸ்டர் டேப்ப, அதாவது மூல நாடாவ, வாங்க கையில காசில்ல, கொஞ்ச நாள் கழிச்சுப் போனா ஸ்டுடியோக்காரங்க அத அழிச்சிட்டாங்க. மிஞ்சினது காப்பிதான். அத லண்டன் கிங்ஸ்பரியில ஒரு பப்புல மெட்டல் பாட்டு மட்டுமே போடுற நீல் கே அப்படிங்கிற டீஜே கையில குடுத்தாங்க. அவர் போட்டுப் போட்டு, ஜனங்க கேட்டுக் கேட்டு, அதுல ஒரு பாட்டு அவரோட லிஸ்ட்டுல மொத எடத்துக்கே வந்துடுச்சு. அப்புறம் அந்த நாலுல மூணு பாட்ட 5,000 பிளேட்டா போட்டு தபால்ல வித்தாங்க. ஒரு காப்பி டேப்புல ஆரம்பிச்ச பேண்டுக்கு 2007ல பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல கூட்டம் அலைமோதுச்சு, நானும் திருச்சியில இருந்து பஸ் ஏறிப் போய் அந்தக் கூட்டத்துல நசுங்கினவன்தான்.

வேடிக்கை என்னன்னா உங்க கட்டுரையில சொன்ன அதே வரிய இங்கிலாந்து ரெக்கார்டு கம்பெனிங்க சங்கம் 1981லயே சொல்லிடுச்சு, வீட்டுல டேப் பண்றது இசைய கொல்லுதுன்னு. கேசட்டுக்குக் கீழ ரெண்டு எலும்பு, மண்டையோட்டுக்கு பதில் கேசட், அதான் சின்னம். அதே வருஷங்கள்லதான் இந்தப் பக்கம் பசங்க ஊர் ஊரா, நாடு நாடா கேசட்ட தபால்ல மாத்திக்கிட்டு இருந்தாங்க. கைச்செலவுக்கே காசு இருக்காது, அதனால ஸ்டாம்ப் மேல சோப்போ கோந்தோ தடவி அனுப்புவாங்க, முத்திரை மை அந்தப் பூச்சு மேல விழும், வாங்கினவன் ஸ்டாம்ப்ப ஊறவெச்சு உரிச்சு கழுவித் திருப்பி அனுப்புவான், மறுபடி ஒட்டலாம். தபால் இலாகா மன்னிக்கணும்.

பேகன் ஆல்ட்டர்னு லண்டன் பேண்டு ஒண்ணு. 1982ல சொந்தமா பதிவு பண்ணினது, ஒரு கம்பெனியும் வாங்கல. அந்தப் பதிவு காப்பியாவும் திருட்டுப் பிளேட்டாவும் சுத்திக்கிட்டே இருந்து, 1998லதான் முறையா வெளிய வந்துச்சு. பதினாறு வருஷம்! மூக்கால பாடுவார் அந்தப் பாட்டுக்காரர், பழைய ரேடியோ நாடகத்துல பேய் பேசுற மாதிரி இருக்கும். எனக்கு இந்தக் கேசட்டுலயே ரொம்பப் பிடிச்சது அவங்கதான், பி சைடு மொதப் பாட்டு.

இப்ப நான் பதிவு பண்ண லட்சணத்துக்கு வரேன். பாட்டு எல்லாம் போன்லதான், சத்தியமா ஒத்துக்குறேன், வயர் போட்டு கேசட் டெக்குல சொருகினேன். நாடா உரசுற ஹெட்ட ஸ்பிரிட்டுல பஞ்சு தொட்டு தொடைச்சேன், பழுப்பா அழுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. கேசட் ஆரம்பத்துல ஒரு கண்ணாடி மாதிரி நாடா இருக்கும்ல, அதுல பதிவாகாது, நடராஜ் பென்சில் விட்டு பழுப்பு நாடா வர்ற வரைக்கும் சுத்தி வெச்சுக்கணும். இது மறந்துட்டு மொதப் பாட்டோட தலைய வெட்டினேன், மொத நாள். அடுத்தது லெவல், அதாவது பதிவாகுற சத்தத்தோட அளவு. பேகன் ஆல்ட்டர் டெமோ மெல்லிசா கேக்கும், மீட்டர் முள்ளு பாதி கூட ஏறாது, அதுக்காக ஏத்தி வெச்சேன், அடுத்து வந்த பாட்டு புதுசா மெருகேத்தின பதிவு, முள்ளு செவப்புல போய் ஒட்டிக்கிட்டு சத்தம் கொரகொரன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தடவ ஓட்டிப் பாத்து, குமிழ எங்க திருப்பணும்னு சீட்டுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

எல்லாத்தையும் விட பெரிய சோதனை ஒரு சைடுக்கு 45 நிமிஷம்தான்ங்கிறது. பழைய கணக்கு நோட்டுல நிமிஷம் செகண்டு எல்லாம் எழுதிக் கூட்டினேன், சரியா வந்துச்சு, எட்டுப் பாட்டு, கடைசியா டயமண்ட் ஹெட். அது ஏழரை நிமிஷத்துக்கு மேல ஓடும். ஆனா பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல நான் விட்ட நாலு நாலு செகண்ட கூட்ட மறந்துட்டேன். ராத்திரி பன்னெண்டேகாலுக்கு, கிடார் எல்லாம் முடிஞ்சு பாட்டு கரைக்கு வர்ற நேரம், டக்குன்னு பட்டன் எகிறிடுச்சு. அத்தனையும் மறுபடி. இந்த தடவ டயமண்ட் ஹெட்ட மொதப் பாட்டா வெச்சேன், பாத்தா அதுதான் அதோட சரியான எடம், ஆரம்பமே படை கெளம்புற மாதிரி தட்டோட வரும். கடைசிக்கு ஏஞ்சல் விட்ச்னு ஒரு பேண்டோட பாட்டு, மூணரை நிமிஷம் கூட வராது, அளவெடுத்து தெச்ச மாதிரி உக்காந்துச்சு. நடுவுல இருந்த அமெரிக்காவோட விச்சிட்டா ஊர் பேண்டு, மனிலா ரோட், ஒரு பாட்டத் தூக்க வேண்டியதாப் போச்சு, நீளம் ஜாஸ்தி. தூக்குறப்ப வலிச்சுது, நாலு நாள் யோசிச்சேன். பிளேலிஸ்ட்டுல இந்த வலி வராது, எவ்வளவு வேணா கொட்டலாம், அதனாலதான் எவனும் முழுசா கேக்குறதில்ல.

கேசட் போய்ச் சேந்த மறுநாள் பொண்ணு போன் பண்ணா. "மாமா, நீ தப்பா ஏத்திட்ட, நடுவுல ஏதோ கொழந்தப் பாட்டு வருது, ஹைடி ஹைடோன்னு." நிறுத்தாம கேளுடின்னேன். ஜெர்மன் பேண்டு அக்செப்ட், 1982, பழைய நாட்டுப்புறப் பாட்டு பிளேட்ட ஓடவிட்டு, முள்ளப் பிடிச்சு கர்ருன்னு இழுத்து, அடுத்த நொடியே ஒரு அலறல் போட்டு ரெட்டை டிரம்ம போட்டு நொறுக்குவாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி போன், பாட்டி பயந்துபோய் சாமி ரூமுக்குப் போயிட்டாங்களாம்.

காசு விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன், இல்லன்னா நான் ஒரு பக்கமா பேசுறேன்னு ஆகும். காப்பியால இவங்க எல்லாம் பணக்காரங்க ஆயிடல. டயமண்ட் ஹெட் கடைசி வரைக்கும் பெரிய பேண்டு ஆகவே இல்ல. ஆனா மெட்டாலிகா அவங்க பாட்டுங்கள எடுத்துப் பாடினதுக்கு வந்த ராயல்டி அவங்களுக்கு சோறு போட்டுது, அது ஆரம்பிச்சது ஒரு பையனோட பைத்தியத்துலதான். அந்த ஷில்லாங் பையன் எனக்கு காப்பி எடுத்துக் குடுத்ததால நான் பின்னாடி காசு குடுத்து வாங்கின சீடிக்கு கணக்கே இல்ல, வீட்டுல கேட்டா சொல்லுவாங்க.

அந்தக் கடைசி வரிய எழுதினவர் மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல, அவர் பென்சில் பத்தி எழுதினதப் பாத்தா நல்லாவே சுத்தியிருக்காருன்னு தெரியுது. ஆபீஸ்ல ஓடுற டெக்கு ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லுங்க, இதே கேசட்ட அவருக்கு ஒரு காப்பி எடுத்து அனுப்புறேன். காப்பிக்கு காப்பிதான், இரைச்சல் கொஞ்சம் இருக்கும். தபால் செலவு என்னோடது, ஸ்டாம்ப்புல சோப்பு தடவ மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஸ்ரீரங்கம்.