கடைமடையிலிருந்து டெல்ஃப்ட்டுக்கு

திருத்துறைப்பூண்டி பக்கம்
4 மார்ச் 2023

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. "தண்ணிக்கெல்லாம் இங்க தேர்தல் வைக்கிறாங்கம்மா, எனக்கும் சீட்டு வந்திருக்கு, நான் என்ன இந்த நாட்டுக்காரியா, போகலை" என்று நீ போனில் சொன்னது ரெண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பின அந்தச் சீட்டின் போட்டோவை உன் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், அப்புறம் நெட்டிலும் தேடச் சொன்னேன். நெதர்லாந்து நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். நகராட்சிக்கு, நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் ஐந்து வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். உனக்குச் சீட்டு வந்திருக்கிற தண்ணீர் வாரியத்துக்கு மட்டும் 18 வயதும் முறையான குடியிருப்பு அனுமதியும் இருந்தால் போதும். அதாவது அந்த நாட்டில் உனக்கு இப்போது இருக்கிற ஒரே ஓட்டு தண்ணீருக்கான ஓட்டு. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் பிறந்த பெண்ணுக்கு இதைவிட என்ன வேணும்?

நெதர்லாந்து முழுக்க இப்படி 21 வாரியங்கள். உங்கள் டெல்ஃப்ட் பக்கத்து வாரியம் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, கல்லணையைச் சொல்லிப் பெருமைப்படுகிற நமக்கே ஆச்சரியமாக இருக்கிறது. கரை, வடிகால், பம்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவுக்கு அவர்களே வரி போட்டு வசூலிக்கிறார்கள். போன மாதம் பில் வந்தது என்று புலம்பினாயே, அந்த வரிதான். வரியைக் கட்டிவிட்டு ஓட்டை விடுவாயா? சபையில் விவசாயிகளுக்கு ரெண்டு இடம், இயற்கையைப் பாதுகாக்கிறவர்களுக்கு ரெண்டு இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்களாம். மற்றதெல்லாம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு நிரப்புவது.

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். போன வருஷம் மேட்டூரை ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24லேயே திறந்தார்கள், சந்தோஷம்தான். குறுவையும் சம்பாவும் குறையில்லாமல் வந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில், அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம் கயல், தண்ணீர் வடியவில்லை. வடிகால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அரிவாளால் வெட்டி வெட்டி இழுத்துப் போட்டார், பத்தடி போனால் மறுபடியும் அடைப்பு. நாலாம் நாள் சாய்ந்து கிடந்த கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நெல்மணியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் வார்டு உறுப்பினராகி மூணு வருஷமாகிறது. இந்த வடிகாலைப் பற்றி நாலு தடவை மனு கொடுத்தேன். ஒரு ஆபீசில் இது எங்களுடையது இல்லை என்றார்கள், அடுத்த ஆபீசில் நிதி வரட்டும் என்றார்கள். ஊராட்சிக்குத் தெருவிளக்கும் குடிதண்ணீரும் சொந்தம், வயலுக்கு வருகிற தண்ணீரும் வயலை விட்டுப் போகிற தண்ணீரும் நம் கையில் இல்லை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க 2000லேயே சட்டம் வந்தது. ஆனால் சங்கம் தன் வாய்க்காலுக்குத் தானே வரி வசூலித்துத் தானே வேலை செய்கிற நிலையை நான் நம் பக்கம் பார்க்கவில்லை.

இன்னொன்று. உன் ஊரும் கடைமடைதான், யோசித்துப் பார்த்தாயா? ரைன் ஆறு சுவிட்சர்லாந்து மலையில் புறப்பட்டு, பிரான்ஸ் எல்லையைத் தொட்டு, ஜெர்மனி வழியாக ஓடி, கடைசியில் உங்களிடம் வந்துதான் கடலில் விழுகிறது. 1986இல் மேலே பாசல் நகரத்துப் பக்கம் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, அணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, கீழே வெகுதூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. மேலே இருக்கிறவன் செய்வதைக் கீழே இருக்கிறவன் அனுபவிப்பது எல்லா ஆற்றிலும் உண்டு. கரைநாடுகள் 1950லேயே கூடி ரைனுக்கு ஒரு ஆணையம் வைத்திருந்தன, அந்தத் தீக்குப் பிறகு இன்னும் வேகமாக வேலை பார்த்தன. நம் காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மேலாண்மை ஆணையம். இத்தனைக்கும் ஒரே நாடு! நம் பக்கத்தில் இருக்கிற காரைக்கால் கூட வேறு அரசு, அவர்கள் சார்பில் புதுச்சேரிக்குத் தனியாக 7 டிஎம்சி.

1953 பிப்ரவரி 1 ராத்திரி கடல் கரையை உடைத்து நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்களாம். 2004இல் நாகப்பட்டினத்தைப் பார்த்த நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம்தான் கடலை மறிக்கிற அந்தப் பெரிய கதவுகளையெல்லாம் கட்டியிருக்கிறார்கள். உனக்குப் பக்கத்திலேயே, கப்பல் போகிற கால்வாயில், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளத்தில் ரெண்டு கதவு, 1997இல் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வீடியோ எடுத்து அனுப்பு, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

15ஆம் தேதி புதன்கிழமை, வேலைக்குப் போகுமுன் போய்விடு. அடையாள அட்டையை மறக்காதே. அங்கே மிஷின் இல்லையாம், தாளில் சிவப்புப் பென்சிலால் பேருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்ப வேண்டுமாம்.

அப்புறம் எனக்கு ஒரு வேலை செய்து கொடு. 22ஆம் தேதி இங்கே உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. உன் வரி பில்லில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தால், அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி 20க்குள் தம்பிக்கு அனுப்பு. நான் அதைச் சபையில் படிக்கப் போகிறேன், வடிகால் பேச்சை அதிலிருந்து ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்பார்கள்.

உளுந்து தெளித்தது முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அம்மா