முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படி

அன்பு மிரியம்,

உனக்குப் பிராகில் படிக்க இடம் கிடைத்த செய்தி லியா அத்தை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நீயாகச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமோ? போகட்டும், ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் தேவலையா?

ஆற்றுக்கு அக்கரையில், மலைமேல், "டிராம் வாசலிலேயே நிற்கும்" என்று ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாயாமே. பணத்தைக் கட்டிவிடாதே! வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை ஷபாத் ஓய்வுநாள், வண்டி ஏறக் கூடாது; அந்த டிராம் உனக்கு இருந்தும் இல்லாததுதான். பழைய யூதர் பகுதியான யோசெபோவில் இருக்கும் ஜெப ஆலயத்துக்கு அரை மணியில் நடந்து போகிற தூரத்தில் பார். கார்லின் பக்கம் தேடலாம். வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனால் ஜனவரிப் பனியில் மலையேறுகிறவளுக்கு அது புரியும்.

அடுத்து, வீட்டுக்காரரிடம் கதவுக்குச் சாவியா, மின்னணு அட்டையா என்று கேள். ஷபாத்தில் மின்சாரத்தை இயக்கக் கூடாது, ஆகவே அட்டை என்றால் வெளியே போனால் உள்ளே வர முடியாது. தாழ்வாரத்தில் ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு இருக்கிறதா என்றும் கேள். சாவிதான் என்றாலும், எரூவ் எல்லைக்குள் (ஷபாத்தில் பொருள் சுமக்கலாம் என்று வளைத்துக் குறித்த பகுதி) இருந்தாலொழிய அதைத் தெருவில் சுமக்கக் கூடாதே. அதற்கு இடுப்பில் கட்ட எலாஸ்டிக் வார் ஒன்று தைத்துக்கொள். வாரின் இரண்டு முனையையும் சாவியே கோத்துப் பிடிக்க வேண்டும். சாவியைக் கழற்றினால் வார் அவிழ்ந்துவிட வேண்டும். அப்போதுதான் சாவி உடையின் பாகம்; சும்மா தொங்கவிட்டால் அது சுமைதான். பூட்டில் நுழைக்கும்போது வாரைக் கழற்ற வேண்டாத அளவுக்குத் துணி இழுபட வேண்டும், இல்லையென்றால் வாசலில் நின்று நாட்டியம் ஆடுவாய்.

டிசம்பரில் சூரியன் நாலு மணிக்கே போய்விடும். பதினெட்டு நிமிடம் முன்னால் ஷபாத் விளக்கேற்ற வேண்டும் என்றால் 3.40. வெள்ளி பிற்பகலில் வகுப்பு எடுக்காதே. சனிக்கிழமைத் தேர்வு இருந்தால் பருவம் தொடங்கிய முதல் வாரமே எழுத்தில் கொடு; தேர்வுக்கு நாலு நாள் முன்னால் கேட்டால் யாரும் இரங்க மாட்டார்கள். ஜூனில் தலைகீழ்: சூரியன் மறையவே ஒன்பதேகால் ஆகும், ஷபாத் முடியப் பத்தரைக்கு மேல்.

சமையல்: பொது மைக்ரோவேவில் நம் உணவு விதிக்கு ஒவ்வாததும் சூடாகும், அதனால் உன் உணவை இரண்டு சுற்று மூடித்தான் வைக்க வேண்டும். ஷபாத்துக்கு இரவு முழுக்க வேகும் குழம்பான சோலண்டுக்கு மெதுவாக வேகவைக்கும் மின்பானை போதும், அதை வீட்டுக்காரர் அனுமதிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள். ஒரு கப் பீன்ஸ், அரை கப் பார்லி, மூன்று உருளை, கால் கிலோ இறைச்சி. மேலே இரண்டு விரல் தண்ணீர். மூடிக்கு அடியில் பேக்கிங் தாள் வை. நீராவி போனால் நடுராத்திரியில் தண்ணீர் ஊற்ற முடியாது, காலையில் கரிதான் மிஞ்சும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தெருவில் தொட்டி வைத்துக் கெண்டை விற்பார்கள். முழு மீனாக வாங்கி வந்து உன் கத்தியால் நறுக்கு. அவர்கள் பலகையில் வெட்டிக் கொடுத்தால் வேண்டாம். செதில் உள்ள மீன்தான் நமக்கு ஆகும்; சிலவற்றில் செதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், அதுவே போதும். உன் தம்பிக்கு இதை விளக்கப்போய் விடிந்துவிடும்.

சனிக்கிழமை காசும் டிக்கெட்டும் வேண்டாத இடமாக நட. சார்லஸ் பாலத்தில் சிலுவையைச் சுற்றி 1696-இல் பொன் எழுத்தில் பொறித்த எபிரேய வார்த்தைகள் இருக்கின்றன. தெய்வ நிந்தனை என்று ஒரு யூதர்மேல் பழி சுமத்தி, அவரிடம் வாங்கிய அபராதத்தில் செய்தது அது. விளக்கப் பலகை வைத்தது 2000-இல்தான். பழைய யூத நகர மன்றத்தின் கடிகாரத்தையும் நிமிர்ந்து பார். எபிரேய எழுத்துகளே எண்கள், முள் பின்னோக்கிச் சுற்றும். நீ வகுப்புக்கு வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

யூத அருங்காட்சியகம் சனியும் நம் பண்டிகை நாட்களும் மூடியிருக்கும், ஞாயிறு காலை போ. பழைய கல்லறைத் தோட்டத்தில் உன் தம்பி கால் வைக்க முடியாது, கோஹென் (ஆசாரிய வம்சத்து ஆண்) ஆச்சே, கல்லறைப் பக்கம் போகக் கூடாது. நீ போகலாம். பழைய-புதிய ஜெப ஆலயம் 1270 வாக்கில் கட்டியது. பெண்கள் பகுதியிலிருந்து கனத்த சுவரில் விட்ட குறுகலான இடைவெளி வழியாகத்தான் உள்ளே பார்க்க வேண்டும். சன்னமாகக் கேட்கும். முன்வரிசை இடம் பிடி.

பிங்காஸ் ஆலயத்துக்கு மட்டும் தனியாகப் போ. நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹேமியா, மொராவியா யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள் சுவர் முழுக்கக் கையால் எழுதியவை. 1950-களில் எழுதினார்கள், கம்யூனிஸ்ட் ஆட்சியில் அழிந்து போய், 1992 முதல் 1996 வரை திரும்ப எழுதினார்கள். ஊர்வாரியாக இருக்கும். உன் பாட்டி பட்வைஸ் என்று சொல்வது அங்கே செஸ்கே புடியோவிட்சே. ஜெர்மன் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. பாட்டியிடம் குடும்பப் பெயரையும் ஊரையும் எழுத்துக்கூட்டி வாங்கிக்கொண்டு வா. இப்போதே கேள், அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளாதே.

அறை முகவரி முடிவானதும் எழுது, ஆலயத்துக்கு எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்துச் சொல்கிறேன்.

ரூத்