நகரச் சிவன் கோயில் காரியக்காரர்களுக்கு: அலுவலகக் கணினியின் சாவிகள் பற்றி

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மரியாதைக்குரிய காரியக்கார அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

நம் நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் கோயிலுக்குக் கொடுக்கும் புள்ளி வரியைக் கட்ட, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கோயில் அலுவலகத்துக்கு வந்தேன். கணக்குப்பிள்ளை உச்சிக்கால பூசைக்கு எழுந்து போயிருந்தார். கணினி திறந்தபடியே இருந்தது. திரையின் கீழ் விளிம்பில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, கணினிக்குள் நுழையும் நான்கு இலக்கப் பின் நம்பரை நீல மையில் எழுதியிருந்தது. மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு இரண்டு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், அதாவது கணினியில் செருகி ஆவணங்களில் கையெழுத்திட உதவும், பென் டிரைவ் போன்ற சின்னக் கருவிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அதனதன் பின் நம்பர்.

கணக்குப்பிள்ளையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நாணயத்தை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். ஆனால் நம் புள்ளிகள் அத்தனை பேரின் முகவரி, போன் நம்பர், ஆதார் நகல், கோயில் வங்கிக் கணக்கு எல்லாம் அந்த மேசையில்தான் இருக்கின்றன. பக்கத்து ஊர்களிலும் இதே நிலைமைதான் என்று கேள்விப்பட்டதால், எல்லாரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன். பெங்களூரில் கணினிப் பாதுகாப்பு வேலையில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறேன்.

எங்கள் அப்பத்தாவின் இரட்டை வீட்டுச் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். அறைக்குள் அறை, அதற்குள் பெட்டகம், பெட்டகத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி. கல்யாண நெருக்கடியில் வீடே அல்லோலகல்லோலப்பட்டாலும் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை யாரிடமும் கொடுக்க மாட்டார். "என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தாரேன்" என்பார். போய்த் திறந்து, கேட்டதை மட்டும் எடுத்து, பூட்டிவிட்டு வருவார்.

கணினியில் சாவி என்பது தகவலைப் பூட்டவும் திறக்கவும் கையெழுத்திடவும் உதவும் ரகசிய எண். விண்டோஸ் போன்ற ஒரு நல்ல இயங்குதளம் அந்தச் சாவியைக் காப்பதும் அப்பத்தா மாதிரித்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதும் நீங்கள் வாங்கிய புதுக் கணினியில், சாவிகளைத் தனக்குள் வைத்துக் காக்கும் டிபிஎம் என்று ஒரு சிப் இருக்கிறது. விண்டோஸ் 11 வந்த நாளிலிருந்தே அதை நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். ஐபோனில் 2013-லிருந்து இதே வேலைக்குத் தனிப் பகுதி உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. கையெழுத்து டோக்கனும் அந்த வகைதான். அதன் ரகசியச் சாவி டோக்கனுக்குள்ளேயே பிறக்கிறது, வெளியே வருவதே இல்லை. ஆவணத்தைக் காட்டினால் கையெழுத்துப் போட்டு அனுப்பும், அவ்வளவுதான். அதைப் பிரதி எடுக்க முடியாது. ஆனால் டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் யார் கையெழுத்துப் போட்டாலும், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது உங்கள் கைப்படப் போட்ட கையெழுத்துக்குச் சமம்.

நான்கு இலக்க எண் போதுமா என்று கேட்பீர்கள். விண்டோஸ் பின் நம்பர் அந்த ஒரு மெஷினில் மட்டுமே செல்லும். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சிப் கதவைச் சாத்திவிடும். அதனால் யாருக்கும் தெரியாத வரை ஓரளவு போதும், ஆறு இலக்கம் என்றால் இன்னும் நல்லது. பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிட்டால் எந்தச் சிப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள். அவற்றைப் பிரவுசர் அப்படியே எழுதி வைப்பதில்லை. ஒரு சாவியால் பூட்டுகிறது. அந்தச் சாவியை விண்டோஸ் வாங்கி, நீங்கள் உள்ளே நுழையப் போடும் ரகசியத்திலிருந்து உண்டாக்கிய இன்னொரு சாவியால் பூட்டி வைக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆக, வேறு ஒருவர் தன் பெயரில் உள்ளே வந்தால் அவருக்கு அது வெறும் குப்பை எழுத்து. ஆனால் உங்கள் பெயரில் யார் உட்கார்ந்திருந்தாலும், அது நீங்கள்தான் என்றே விண்டோஸ் நம்பும். உங்கள் பெயரில் ஓடும் திருட்டு நிரலையும் அப்படியே நம்பும். 2024-இல் குரோம் இதற்கு ஒரு தடுப்புப் போட்டது. கேட்பது குரோம்தானா என்று சரிபார்த்த பிறகுதான் சாவி கிடைக்கும். திருடனுக்கு வேலை கூடியது நிஜம், வழி முழுக்க அடைபடவில்லை.

நம் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை, உதவியாள், ஆடிட்டர் ஆபீஸ் பையன், விசேஷ நாட்களில் நீங்கள், எல்லாரும் ஒரே பெயரில்தான் உள்ளே போகிறீர்கள். அப்படியென்றால் இத்தனை அடுக்குப் பூட்டும் வீண். கணினியில் ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்க அரை மணி நேரம்கூட ஆகாது. மேசையை விட்டு எழும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். வேட்டியை மடித்துக் கட்டும் நேரம்கூட ஆகாது.

எனக்குத் தூக்கம் வராமல் செய்வது பழைய கணினி. எங்கே என்று விசாரித்தேன். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன் ஹார்ட் டிஸ்க் பூட்டப்படவே இல்லை. கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினால் புள்ளிப் பட்டியல், ஆதார் நகல்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும். நுழைவுப் பாஸ்வேர்டு வாசல் கதவுக்கு மட்டும்தான், டிஸ்க்கைப் பூட்டுவது தனி வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுப் பெட்டியோ விலைக்கு இருக்கும். அந்தப் பெட்டிகளைக் காலி செய்துதான் விற்றிருப்பார்கள். இதை நாம் காலி செய்யவில்லை. தயவுசெய்து இந்த வாரமே ஆள் அனுப்பி, கேட்ட விலை கொடுத்துத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

புதுக் கணினியில், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் போட்டு டிஸ்க்கைப் பூட்டிவிடலாம். அப்போது 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் தரும். மெஷின் மக்கர் செய்யும் நாளில் அது இல்லையென்றால் நமக்கே கணக்குத் திறக்காது. அதனால் அச்செடுத்து உறையில் போட்டு, மூன்று காரியக்காரர்களும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் நகைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. டோக்கன்களை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பின் நம்பரை மாற்றுங்கள். ஆடிட்டர் அவசரம் என்றால் அவர் வரட்டும், நீங்களே செருகிக் கையெழுத்திடுங்கள்.

மகா சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பே ஊரில் இருப்பேன். காலையில் அலுவலகத்துக்கு வந்து எல்லாவற்றையும் செய்து தருகிறேன், செலவு எதுவும் இல்லை. புதுப் பின் நம்பரை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். நீங்களே போடுங்கள், நான் திரும்பி நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
நம் ஊர்ப் புள்ளிகளில் ஒருவன்