பாட்டு முடிந்ததும் மேசையில் யார் இருப்பார்கள்?

கண்ணு,

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை நீயும் உன் தோழியும் நியூயார்க் பிராங்ஸில் உங்கள் தெருவிலேயே ராப் பாடப்போகிறீர்கள், குளிர்காலம் பூராவும் ஹீட்டர் ஒழுங்காக ஓடாத மூன்று கட்டிடத்து வாடகைக்காரர்களை ஒன்று சேர்க்கத்தான் அது என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு பேரும் படித்தோம். பாட்டு வரிசைக்கு ஒரு பக்கம், பேனருக்கு அரைப் பக்கம், வாடகைக்காரர் சங்கத்துக்கு ஒரே ஒரு வரி. எங்களைக் கேட்டால் இதைத் தலைகீழாக மாற்று. பாட்டு ஆளைக் கூட்டிவிடும், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. வந்த ஆளை அடுத்த வாரம் கூட்டத்துக்கு வரவழைப்பது பாட்டால் ஆகாது, அதற்கு மேசையும் பேனாவும் வேண்டும். ஒலி பற்றியதை அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் பேச்சு.

முதலில் பெர்மிட், அதற்குத்தான் கெடு இருக்கிறது. தெருவை மூடி பிளாக் பார்ட்டி நடத்த, நகராட்சியின் தெரு நிகழ்ச்சி அனுமதி அலுவலகத்துக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர், திரும்பக் கிடைக்காது. ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்ட விடாதே. அந்தத் தாள் ஒலிபெருக்கிக்குச் செல்லாது. உங்கள் பகுதி போலீஸ் நிலையத்தில் ஒலிக்கருவிக்குத் தனி பெர்மிட் வாங்க வேண்டும்: 45 டாலர், ஐந்து நாளாவது முன்னால். பலர் சறுக்குவது இங்கேதான். தெரு பெர்மிட் கையில் இருக்கிறதே என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். பக்கத்துக் கட்டிடத்திலிருந்து ஒரே ஒருவர் போன் போட்டால் இரண்டாவது பாட்டுக்கு முன்பே எல்லாம் நின்றுபோகும். இரண்டு பெர்மிட்டும் ஒலி மிக்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக 15 அடி வழி விட வேண்டும், அதனால் மேடையை நடுத்தெருவில் போடாமல் நடைபாதை ஓரமாகப் போடுங்கள். பிளாக் பார்ட்டியில் விற்பனைக்கு அனுமதி கிடையாது. டி-ஷர்ட் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

நீ முன்மாதிரியாகச் சொல்லும் ராப் குழு ரெபெல் டியாஸ் பற்றிக் கொஞ்சம். சிலியிலிருந்து அரசியல் அகதிகளாக வெளியேறிய பெற்றோரின் பிள்ளைகள், ராட்ஸ்டார்ஸும் ஜி1-உம். சிகாகோவில் வளர்ந்து, 2006-இல் குடியேறிகள் உரிமைப் பேரணிகள் நடந்த காலத்தில் நியூயார்க்கில் பாட ஆரம்பித்தார்கள். அப்போது லா டெரே என்ற பெண்ணும் சேர்ந்து மூவர். பிறகுதான் அண்ணன் தம்பி ஜோடி. நீ அவர்களுடைய பாட்டைக் கவனிக்கிறாய், நாங்கள் அவர்கள் தென் பிராங்ஸில் நடத்திய கலைக்கூடத்தைக் கவனிக்கிறோம். பக்கத்துப் பிள்ளைகள் வந்து ரெக்கார்டிங் பழக, கூட்டம் போட, யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடும் ஓபன் மைக் நடத்த ஓர் இடம். அந்த இடம் இருந்தவரை பாட்டுக்கும் போராட்டத்துக்கும் நடுவே பாலம் இருந்தது. 2013-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

'நமக்கும் ஒரு இடம் பிடிக்கணும்' என்று நீ எழுதியதால் இதைச் சொல்கிறேன். குடியிருப்பு வாடகைக்காரருக்கு வருமானம் குறைவாக இருந்தால் இந்த நகரத்தில் வீட்டு வழக்குமன்றத்தில் இலவச வக்கீல் உண்டு, 2017 சட்டம். கடை, கிடங்கு, ஸ்டூடியோ என்று வணிக லீஸ் போட்டவருக்கு அது கிடையாது. அந்த லீஸோடு 'குட் கை கேரண்டி' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். பேரைப் பார்த்து மயங்காதே. காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாள்வரை வாடகைக்கு நீயே சொந்தப் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். உள்ளே 75 பேரோ அதற்கு மேலோ கூடும் இடம் என்றால் பொதுமக்கள் கூடுமிடச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் 74 பேரோடு நிறுத்த, வாசலில் எண்ணுகிற ஆள் ஒருவர் வேண்டும். ஆரம்பத்தில் சர்ச் அடித்தளமோ நூலக அறையோ மணிக்கணக்கில் எடுப்பதே உத்தமம்.

பிராங்ஸ் செட்ஜ்விக் அவென்யூ 1520 கட்டிடத்தை நீ பேனரில் போடப்போகிறாய் என்று பார்த்தேன். 1973 ஆகஸ்ட் 11, டிஜே கூல் ஹெர்க்கும் அவர் தங்கை சிண்டி கேம்பலும் அந்தக் கட்டிடத்தின் பொது அறையில் நடத்திய விருந்துதான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே கட்டிடத்தில் 2007-இல் நடந்ததைத்தான் பேனரில் போட வேண்டும். குறைந்த வாடகைக்கான மிட்செல்-லாமா திட்டத்திலிருந்து விலக உரிமையாளர்கள் கிளம்பியபோது குடியிருந்தவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். ஹெர்க்கும் வந்து பக்கத்தில் நின்றார், பத்திரிகைகள் எழுதின. அப்படியும் 2008-இல் கட்டிடம் கைமாறியது. வாடகைக்காரர்கள் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, நகராட்சிக் கடன் உதவியோடு, குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் வேறு கைக்கு அது போனது. உலகம் பூராவும் தெரிந்த பேர் இருந்தும் அத்தனை ஆண்டு இழுத்தது. உங்கள் மூன்று கட்டிடத்துக்குப் பேர்கூட இல்லை, அதனால் காகிதம் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

அந்தக் காகிதம் இது. நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வெப்பக் காலம். காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே 68 இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே என்ன இருந்தாலும் உள்ளே 62. சுடுதண்ணீர் ஆண்டு முழுக்க 120. நகராட்சிப் புகார் எண்ணான 311-க்குப் புகார் போனதும் வீட்டு வசதித் துறை ஆய்வாளர் வருவார், ஆனால் அவர் வரும் நேரத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் மீறல் எழுத மாட்டார். எந்த நேரத்தில் போட வேண்டும் என்று சில வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வீடு பதிவேடு வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஜன. 14 / இரவு 11.20 / 3பி, படுக்கையறை / உள்ளே 57 / வெளியே 24 / 311 புகார் எண் / கையெழுத்து

தெர்மாமீட்டரை ஜன்னல் ஓரத்திலோ ரேடியேட்டர் மேலேயோ வைத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. அறை நடுவில், மேசை உயரத்தில், ஒரே இடத்தில். ஒரு வீட்டுப் பதிவேட்டை 'அவர்கள் வீட்டில் மட்டும் கோளாறு' என்று தள்ளிவிடலாம். பன்னிரண்டு வீட்டில் ஒரே இரவில் ஒரே எண் வந்தால் கொதிகலன் ஓடவில்லை என்று அர்த்தம். ஜூனில் நீங்கள் கூடும்போது வெப்பக் காலம் முடிந்திருக்கும், அது நல்லதுதான். போன குளிரின் பதிவுகளைச் சேகரிக்கவும், அக்டோபர் 1-க்குள் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொறுப்பாளரைப் பிடிக்கவும் உங்களுக்கு மூன்றரை மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. வாடகைக்காரர் சங்கம் அமைப்பதையும் கட்டிடத்தின் பொது இடத்தில் அமைதியாகக் கூடுவதையும் நியூயார்க் மாநிலச் சொத்துச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு காக்கிறது. லாபியில் கூடக் கூடாது என்று சூப்பர் (கட்டிடப் பராமரிப்பாளர்) விரட்டினால் காட்ட, அந்தப் பிரிவை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

பாட்டில் இந்த எண்கள் வரப்போகின்றன என்றால் சரியாக வர வேண்டும். நீ அனுப்பிய வெர்ஸில் (பாட்டின் சரணத்தில்) இரவுக்கும் 68 என்று இருக்கிறது. தாளத்துக்கு நன்றாகத்தான் உட்காருகிறது, ஆனால் அதை நம்பி ஒரு பாட்டி இரவு 64-க்குப் புகார் கொடுத்தால் அவள் பேச்சுதான் அடிபடும். 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டில், பதினாறு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) என்பது ஏறக்குறைய 43 வினாடி. அதற்குள் இரண்டு எண்ணுக்கு மேல் யார் மனதிலும் நிற்காது. 68-ஐயும் 62-ஐயும் ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவியில்) வை, 311-ஐ ஹூக்கின் கடைசி அடியில் கூட்டமே திருப்பிச் சொல்லும்படி வை. சட்டப்பிரிவு எல்லாம் தாளில் இருக்கட்டும், வெர்ஸில் வேண்டாம்.

தமிழ் வெர்ஸ் உனக்கு ஏன் நெருக்குகிறது என்று கேட்டிருந்தாய். ஆங்கில ராப் மாதிரி எல்லா ஒலி ஒற்றுமையையும் வரிக் கடைசியில் தேடுகிறாய். நமக்கு எதுகை வரி தொடக்கத்தில் இருக்கிறது. அதை முதல் தட்டில் விழவிட்டு, வரிக் கடைசி ஒற்றுமையான இயைபை இரண்டு வரிக்கு ஒரு முறை நான்காம் தட்டில் வைத்துப் பார். வினைமுற்று நீளமாக வந்து முட்டும் இடத்தில் 'நின்றுகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதாதே, வாயில் வருகிற மாதிரி 'நிக்கிறாங்க' என்று முடி. 2019-இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் தெருக்குரல் என்று ஜோடியாக வந்தபோது தெருப் பேச்சை எங்கே நீட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்று கேட்டாலே பாதிப் பாடம்.

இனி அப்பா. இரண்டு பேர் பாடும்போது முதலில் கெடுவது வார்த்தைதான். நீங்கள் ஒருவர் வெர்ஸை இன்னொருவர் முழுக்கச் சேர்ந்து சொல்கிறீர்கள். தெருவில் அது கூச்சல். வரியின் கடைசி இரண்டு சொல்லை மட்டும் பிடி, மற்ற நேரம் மைக்கைக் கீழே இறக்கு. இரண்டு மைக்கும் திறந்து பக்கத்தில் இருந்தால் ஒரே குரல் இரண்டிலும் நுழைந்து தகர டப்பா மாதிரி கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ, மைக்குக்கு மைக் அதில் மூன்று மடங்காவது இருக்கட்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதே. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் அமைப்பு அதனால் கெட்டு மானிட்டர் (உங்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர்) ஊளையிடும், உன் குரலும் மூக்கடைத்த மாதிரி வரும்.

பீட்டில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறைத்தால் மெய்யெழுத்துகள் தெளியும். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு. பாட்டுக் கோப்பில் முன்குரல் இருக்கக் கூடாது, பீட்டும் ஹூக் துணைக்குரலும் மட்டும். இரண்டு போனில் ஏற்றிவை, இரண்டும் ஏர்பிளேன் மோடில். இரண்டு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் அந்தத் தெருவுக்குத் தாராளம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 2000 வாட் போதும், கூட்டத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி. அவ்வளவு நீளத்துக்கு மெல்லிய ஆரஞ்சு வயர் போட்டால் மின்னழுத்தம் இறங்கி, பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் திணறும். 12 கேஜ் வயரை அப்பா கொண்டுவருகிறார். ஹம் என்ற இரைச்சல் வருகிறதே என்று பிளக்கின் எர்த் காலை உடைப்பவனைப் பக்கத்தில் விடாதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மறுபடி நான். இருபத்தைந்து நிமிடம், ஐந்து பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். கையெழுத்துக் கேட்பதை மூன்றாவது பாட்டு முடிந்ததும் கேள். கடைசியில் கேட்டால் பாதிப் பேர் நகர்ந்திருப்பார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே கோரிக்கை: 'உங்கள் கட்டிடம், வீட்டு எண், போன் நம்பர், கூட்டத்துக்கு வர முடிந்த நாள்.' குடியுரிமை, விசா என்று எந்தக் கட்டமும் தாளில் இருக்கக் கூடாது. யாராவது சொன்னாலும் எழுதாதே. ஜோடியாக இருப்பதன் லாபம் இங்கேதான்: நான்காவது பாட்டை ஒருத்தி தனியாகப் பாட, மற்றவள் இறங்கி மேசைக்குப் போக வேண்டும். மேடையில் பார்த்த முகம் பேனாவை நீட்டினால் எழுதுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் போன். செய்தி அனுப்புவது போதாது, பேசு. அடுத்த வாரக் கூட்டத்தின் நாள், இடம், நேரம் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் போனில் சொல்ல ஒன்றும் இருக்காது.

பணம். நிதி திரட்டும் நிகழ்ச்சியை உள்ளரங்கில், தனி நாளில் வை. வரும் பணம் உன் சொந்த வென்மோ கணக்குக்குள் (போனில் பணம் அனுப்பும் செயலி) ஒரு டாலர்கூட நுழையக் கூடாது. வரிவிலக்கு பெற்ற ஓர் அமைப்பு உங்களுக்கு நிதிப் பொறுப்பாளராக இருக்கட்டும். 5 முதல் 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், கணக்கும் வரியும் அவர்கள் தலைவலி. அப்படிப்பட்ட அமைப்பின் பேரில் நடக்கும் மேடையில் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது, அவர்கள் வரிவிலக்கே போய்விடும். நம் ஆட்கள் மைக் கிடைத்தால் இதை மறந்துவிடுவார்கள், விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவை. உண்டியலை இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வரவு, செலவு, மீதி மூன்றையும் மூன்று கட்டிட லாபியிலும் ஒட்டுங்கள்.

உங்களுக்குள்ளும் கணக்கு இருக்கட்டும். பாட்டு எழுதிய அன்றே பங்குத்தாள்: யார் வரி, யார் பீட், எத்தனை சதவீதம், கையெழுத்து. சண்டை வந்தபிறகு எழுத முடியாத தாள் அது. பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்தால் பதிவுக்கு ஓர் அனுமதி, இசையமைப்புக்கு இன்னொன்று, இரண்டும் வேண்டும். உன் தோழியே டிரம் மெஷினில் அடித்த பீட் நன்றாகத்தானே இருக்கிறது, அதிலேயே போ.

போலீஸ் வந்தால் பேச ஓர் ஆளை முன்பே முடிவு செய், அது மைக் பிடித்திருப்பவராக இருக்கக் கூடாது. 2008-இல் ஹண்ட்ஸ் பாயிண்டில் தெரு வியாபாரியின் பழங்களைப் பறிமுதல் செய்ததைக் கேள்வி கேட்கப்போய் ராட்ஸ்டார்ஸும் ஜி1-உம் கைதானார்கள். 2020 முதல் நியூயார்க்கில் போலீஸ் வேலையைப் படம் எடுக்கும் உரிமை சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தள்ளி நின்று, குறுக்கே போகாமல் எடுக்க வேண்டும். போனில் முகத்திறப்பை அணைத்து எண் பூட்டு போடு.

பெர்மிட் விண்ணப்பத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டு, எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எதுவரை என்பதை நிறையப் பேர் தப்பாக நிரப்புகிறார்கள். பன்னிரண்டு தெர்மாமீட்டரும் இரண்டு கிளிப்போர்டும் நான் வாங்கி வைக்கிறேன். பேனா மட்டும் நிறைய வாங்கிக்கொள், திரும்பி வராது.

அன்புடன்,
அம்மா, அப்பா